எல்லையோரக் கடையும் இணையத் தொலைபேசியும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, நான் வழக்கம்போல் ஏதாவது ஒரு சமணக் கல்வெட்டைப் பற்றித்தான் எழுதித் தருவேன் என்று எண்ணியிருப்பார். சென்ற மலர்களில் அதைத்தான் செய்தேன். இம்முறை கல்லை விட்டுவிட்டுத் தொலைபேசிக்கு வருகிறேன். காரணம், நம் சங்கத்தில் கடை, மண்டி, சிறு அலுவலகம் நடத்துகிற அன்பர்கள் பலர். என் கடைக்கு வந்து மேசைமேல் இருக்கும் கருவியைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மொபைல்லதான் இப்ப எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாமே, அப்புறம் எதுக்குங்க நயினாரே இந்த நெட் போன்?"

நல்ல கேள்வி. செலவு குறையும் என்பதுதான் பதில் என்றால் 15 வருடத்துக்கு முன்பு அது சரியாக இருந்திருக்கும். இன்றைக்கு அது பதில் ஆகாது. பதில் வேறு இடத்தில் இருக்கிறது.

மீனாட்சிபுரத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் ரயில் பாதையில் ஒரு நிலையம். ஊரைத் தாண்டினால் தமிழ்நாடு. எனக்குக் கடை இங்கே, குடோன் பொள்ளாச்சியில். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு என்று மாட்டுத் தீவனம்தான் வியாபாரம். வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் மாடு வைத்திருக்கும் விவசாயிகள். சித்தூர்ப் பக்கத்துத் தொலைபேசிக் குறியீடு 04923, பொள்ளாச்சிக்கு 04259. ஒரே சாலையில் போய்வருகிற இரண்டு ஊருக்கும் தொலைபேசித் துறையின் கணக்கில் இரண்டு வட்டம், கேரள வட்டம், தமிழ்நாடு வட்டம்.

என் வாலிபத்தில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். பிறகு எஸ்.டி.டி. வந்தது. 2006 மார்ச் 1 முதல் பி.எஸ்.என்.எல். 'ஒன் இந்தியா' திட்டத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு ரூபாய் என்றார்கள். அதற்குள் மொபைல் வந்துவிட்டது, கூடவே ரோமிங் தொல்லையும் வந்தது. கடை வாசலில் நின்றால் கேரள டவர், சாக்கு அடுக்கிய பின்கட்டுக்குப் போனால் தமிழ்நாட்டு டவர். வருகிற காலை எடுத்தாலும் காசு! எங்கள் கடையில் போன் அடித்தால் பையன் முதலில் வாசலுக்கு ஓடுவான், பிறகுதான் எடுப்பான். 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் காலுக்குக் கட்டணத்தை நீக்கியது. அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். ஆக, பேச்சுச் செலவு என்ற பிரச்சினை எல்லைக்காரர்களுக்கே தீர்ந்து போச்சு.

தீராமல் இருந்தது வேறு. அதை நான் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் 11 வருடம் இருந்த கணக்குப்பிள்ளை ஒருவர் தனிக்கடை வைக்கப் போனார். நல்ல மனிதர், சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. பிறகு பார்த்தால் ஆர்டர் பாதியாகக் குறைந்துவிட்டது. காரணம் தெரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. பில் புத்தகத்திலும் காலண்டரிலும் சாக்கு மேலும் நான் அச்சடித்திருந்தது அவருடைய மொபைல் எண். ஜனங்கள் பழைய எண்ணுக்குப் போன் போடுகிறார்கள், பழைய குரல் எடுக்கிறது, சரக்கும் போய்ச் சேர்கிறது. என் கடை என்று நினைத்தே சிலர் அவரிடம் வாங்கியிருக்கிறார்கள். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எண் அவருடையது. அச்சடித்தவன் நான்.

கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, பேரேடு இருக்கிறது. போன் எண் மட்டும் யாரோ ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது. இணையத் தொலைபேசி முதலில் சரிசெய்வது இந்த ஒன்றைத்தான். எண் கடைக்குச் சொந்தமாகிறது. அதை யார் எடுப்பது, எந்த ஊரில் எடுப்பது என்பதை நாம் தினம் மாற்றிக்கொள்ளலாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பழைய தொலைபேசியில் நாம் பேசி முடிக்கும்வரை இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு முழு வழி நமக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். நாம் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் அந்த வழி வேறு யாருக்கும் கிடையாது. பாலக்காட்டுக்கு ஒரு மூட்டை அனுப்ப முழு லாரியை வாடகைக்குப் பிடிப்பது மாதிரி. இணையத் தொலைபேசி பார்சல் சர்வீஸ். நம் குரலை வினாடிக்கு 8000 தடவை அளந்து எண்களாக்கி, அந்த எண்களை 20 மில்லி வினாடித் துண்டுகளாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் முகவரியும் வரிசை எண்ணும் எழுதி அனுப்புகிறது. வினாடிக்கு 50 பொட்டலம். மற்றவர்களின் கடிதம், படம், சினிமா எல்லாம் போகிற அதே லாரியில் இவையும் போகின்றன. அந்தப் பக்கம் வரிசைப்படி பிரித்து மறுபடியும் குரலாக்குகிறார்கள்.

குரலைத் துண்டு போட்டுப் பொட்டலம் கட்டுவதா என்று சிலர் வியப்பார்கள். சமண நூல் படித்தவனுக்கு இதில் பெரிய வியப்பு இல்லை. ஒலி ஆகாயத்தின் குணம் என்பது வைசேஷிகர் கொள்கை. ஒலி புற்கலத்தின் ஒரு நிலை, அதாவது அதுவும் ஒரு பொருளே என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கொள்கை. உமாஸ்வாதி இணையத்தைக் கண்டாரென்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்கிற கட்டுரைகளைக் கண்டால் எனக்கே ஆகாது. படிக்கும்போது மனதில் பட்டது, அவ்வளவுதான்.

கணக்கு பார்க்கிற வியாபாரிகளுக்கு இன்னொன்று. மேற்சொன்ன முறையில் (ஜி.711 என்று பெயர்) குரலுக்கு 64 கிலோபிட், முகவரிச் சீட்டுகளின் சுமையும் சேர்த்தால் வினாடிக்குச் சுமார் 87 கிலோபிட். ஒரு மணி நேரம் பேசினால் ஒரு திசைக்குச் சுமார் 40 எம்.பி. ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசினாலும் அரை எம்.பி.பி.எஸ். வேகம் போதும். ஆகவே "எனக்கு நெட் வேகம் பத்தாதே" என்ற பயம் வேண்டாம். வேகத்தைவிடத் தாமதம்தான் முக்கியம். கடிதம் அரை வினாடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லி வினாடிக்கு மேல் ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி முட்டிக்கொள்வார்கள். பேரன் பின்கட்டில் படம் இறக்கிக்கொண்டிருந்தபோது கடைப் பேச்சு விட்டுவிட்டு வந்தது இதனால்தான். ரௌட்டரில் குரலுக்கு முதலிடம் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. கருவி மாட்ட வருகிறவரிடம் அதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். அவராகச் செய்ய மாட்டார்.

இந்த வித்தை நேற்று வந்ததல்ல. 1974லேயே அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையில் குரலைப் பொட்டலமாக்கி அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். 1995ல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் கணினிக்குக் கணினி பேசும் மென்பொருளை விற்கத் தொடங்கியது. 2003ல் ஸ்கைப் வந்தது, 2025 மே மாதம் மூடியும் விட்டார்கள். எனக்குப் பிடித்த கதை 1999ல் நடந்தது. மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் சிறு நிறுவனம் ஒன்று நடத்தினார். அலுவலகத்துக்கு பி.பி.எக்ஸ். வாங்கக் காசில்லை. தானே ஒரு மென்பொருளாக அதை எழுதிவிட்டார். அதுதான் ஆஸ்டரிஸ்க். எழுதியதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தும் வைத்தார். கருவி வாங்கக் கதியில்லாத ஒரு சிறு அலுவலகத்தில் பிறந்த வித்தை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும், இது பெரிய கம்பெனிகளுக்கான சொகுசு என்றே பலர் எண்ணுகிறார்கள்.

நம் நாட்டில் இது கடைக்கு வந்துசேரத் தாமதமானதற்குக் காரணம் சட்டம். 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசிக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அரை அனுமதி. கணினிக்குக் கணினி பேசலாம், கணினியிலிருந்து வெளிநாட்டுப் போனுக்குப் பேசலாம். உள்நாட்டில் பக்கத்துத் தெருப் போனுக்கு இணையம் வழியாகக் கூப்பிடக் கூடாது! வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் பாலக்காட்டு வீடுகளுக்கு 'நெட் கால்' பழக்கமாகிவிட்டது, கடைகளுக்கு ஆகவில்லை. 2017 அக்டோபரில் டிராய் பரிந்துரை செய்து, 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் தெளிவாக்கிய பிறகுதான், உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணையத் தொலைபேசியிலிருந்து சாதாரணப் போன்களுக்கும் இணைப்புத் தரும் வழி திறந்தது. அந்த ஜூலையிலேயே பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்று ஆண்டுக்கு 1,099 ரூபாயில், சிம் இல்லாமல் ஆப் வழியாகப் பேசும் சேவையை அறிவித்தது.

'உரிமம் பெற்ற' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பாதி விலையில் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டுக் கால்களை இணையம் வழியே கொண்டுவந்து, சிம் கார்டுப் பெட்டிகள் மூலம் உள்ளூர்க் காலாக இறக்கும் கள்ள எக்ஸ்சேஞ்சுகள் 2021ல் கோழிக்கோட்டில் பிடிபட்டதைப் பத்திரிகையில் எல்லோரும் படித்தோம். நமக்குத் தெரியாமலே நம் கடை முகவரியும் அதில் சிக்கலாம்.

இனி என் கடை ஏற்பாடு. உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்திடம் ஒரு எண் எடுத்தேன். பி.பி.எக்ஸ். வேலையை அவர்களுடைய கணினியே செய்கிறது, என் கடையில் பெட்டி எதுவும் இல்லை. மேசையில் ஒரு இணையப் போன், பொள்ளாச்சி குடோனில் ஒன்று. இவை இரண்டும் எங்களுக்குள் இண்டர்காம், மூன்று எண் அழுத்தினால் குடோன். லாரியோடு போகிறவருக்கும் வசூலுக்குப் போகிறவருக்கும் அவரவர் மொபைலுக்கே கால் போகும், ஆனால் வெளியே தெரிவது கடை எண் மட்டும். ஆள் மாறினால் ஒரு வரியை மாற்றினால் போதும்.

வாட்ஸ்அப்பில் பேசினால் ஆகாதா என்பார்கள். அதற்கு இருவரிடமும் ஸ்மார்ட் போனும் நெட்டும் வேண்டும். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். அந்தப் போனிலிருந்தும் இந்த எண்ணுக்கு வழக்கம்போல் கூப்பிடலாம், இணையம் என்று ஒன்று நடுவில் இருப்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மலையாளத்துக்கு ஒன்றை அழுத்துங்கள், தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள் என்று மருமகள் குரலில் பதிந்து வைத்தோம். முதல் வாரமே புகார். வயதானவர்கள் ஒன்றையும் அழுத்துவதில்லை, "ஏனுங்க, நயினார் இல்லீங்களா?" என்று மருமகளின் பதிவுக் குரலோடு பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் வரும், எதை அழுத்துவார்கள் பாவம்! அந்தப் பட்டியலை எடுத்துவிட்டேன். இப்போது இரண்டு இடத்திலும் சேர்ந்து மணி அடிக்கும், முதலில் எடுக்கிறவர் பேசுவார். விற்கிறவர்கள் காட்டும் வசதிகள் அத்தனையும் நமக்கு வேண்டியதில்லை.

நேரப்படி திருப்பிவிடும் வசதியை மட்டும் விடவே மாட்டேன். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பவன் நான். மாலை 5.30 முதல் 6 வரை கடைப் போன் தானாகக் குடோனுக்குப் போய்விடும். விடியற்காலை வேறு கதை. பால் கறந்து முடித்தவர்கள் 5 மணிக்கே தீவனம் சொல்லக் கூப்பிடுவார்கள். கடை திறப்பது 7 மணிக்கு. முன்பெல்லாம் அவை மிஸ்டு காலாகக் கிடக்கும், யார் எதற்கு என்று தெரியாது, பாதிப் பேர் அதற்குள் வேறு கடைக்குச் சொல்லியிருப்பார்கள். இப்போது குரலில் சொல்லி வைத்துவிட்டுப் போகிறார்கள், கடை திறந்ததும் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். ஓணத்துக்கு முந்திய வாரங்களில், எல்லை வழியே பால் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சமயத்தில், இதன் அருமை தெரியும்.

அடுத்தது பேச்சைப் பதிவு செய்வது. "இந்தப் பேச்சு பதிவாகிறது" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. எனக்கு இது சட்ட விஷயமாக மட்டும் இல்லை.

பதிவு வைத்த புதிதில் ஒரு விவசாயிக்கு 60 மூட்டை தவிடு அனுப்பினேன். 20தான் சொன்னேன் என்று 40ஐ இறக்க மறுத்தார். என் காதில் விழுந்தது அறுபது, குறிப்பேட்டில் எழுதியதும் அறுபது. போகவர லாரி வாடகையை அவர் கணக்கில் எழுதினேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை, அந்த மாதமே வாங்குவதை நிறுத்திவிட்டார். அவர் சொன்னதை அவருக்கே போட்டுக் காட்டலாம் என்று ஒருநாள் பதிவைத் தேடி எடுத்தேன். இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை மருமகளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "இருபதுன்னுதான் மாமா சொல்றாரு" என்றாள். வாடகைப் பணத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கிக்கொண்டார், டீ கொடுத்தார். மறுபடி வாங்கத் தொடங்க ஒரு வருடம் ஆயிற்று.

எனக்கு ஏன் அப்படிக் கேட்டது என்று பிறகு படித்துப் பார்த்தேன். வயது ஒரு காரணம். சாதாரணத் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்துகிறது. நேரில் பேசும்போது காதுக்கு எட்டுவதில் ஒரு பகுதி இது. ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை இதற்கு மேலே இருப்பதால் நசுங்கிப் போகும். இருபதும் அறுபதும் முதல் எழுத்தில்தான் வேறுபடுகின்றன, அந்த எழுத்தைக் கொஞ்சம் விழுங்கிவிட்டால் மிஞ்சுவது ஒரே 'ருபது'. இணையப் போன்களுக்குள் ஜி.722 என்ற முறையில் 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்தலாம். அதனால் கடைக்கும் குடோனுக்கும் இடையே பேச்சு பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் கேட்கிறது. வெளி மொபைலிலிருந்து வரும் காலுக்கு அந்தத் தெளிவு அநேகமாகக் கிடைக்காது. ஆகவே இப்போது எண்ணிக்கையை "ரெண்டு பத்து, ஆறு பத்து" என்று திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பழைய செம்புக் கம்பிப் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும். ஊரே இருண்டாலும் போன் பேசும். இணையப் போன் கரண்ட் போனால் செத்தது. மோடத்துக்கும் போனுக்கும் ஒரு சிறு யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். ஜே.சி.பி. கேபிளை அறுத்தால் அதுவும் உதவாது, அப்போது கால்கள் தானாக மொபைலுக்குப் போகும்படி முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும். 2023 ஜூன் 5 அன்று கேரள அரசு கே-ஃபோன் கண்ணாடி இழை வலையைத் தொடங்கியது, இது மாதிரி இன்னும் இணைப்புகள் கிராமப்புறத்துக்கு வர வர, ஒன்று போனால் இன்னொன்று என்று வைத்துக்கொள்வது எளிதாகும். 112 கூப்பிட ஒரு சாதாரண மொபைலும் கடையில் இருக்கட்டும், போலீசுக்கோ ஆம்புலன்சுக்கோ இந்தக் கருவியை நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொன்று திருட்டு. என் நண்பர் ஒருவர் அலுவலகத்தில் சொந்தமாகப் பெட்டி வைத்துக்கொண்டார். எக்ஸ்டென்ஷன் 101க்கு பாஸ்வேர்டும் 101. சனி, ஞாயிறு விடுமுறையில் எங்கோ இருந்து எவனோ உள்ளே புகுந்து, பெயர் கேள்விப்படாத நாடுகளுக்கெல்லாம் கூப்பிட்டுத் தள்ளிவிட்டான். பில் வந்தபோதுதான் தெரிந்தது. வெளிநாட்டுக் கால் தேவையில்லை என்றால் அதை நிறுவனத்திலேயே மூடச் சொல்லிவிடலாம், செலவில்லாத காவல். பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள், கடையின் பெயராகவோ பிள்ளையின் பெயராகவோ வேண்டாம்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள், ஒரே கடை, எப்போதும் கடையிலேயே இருக்கிறார் என்றால் ஒரு மொபைல் போதும். அது மட்டும் கடை எண்ணாக, கடையிலேயே இருக்கட்டும். இரண்டு இடம், மூன்று நான்கு ஆள், மாறி மாறி எடுக்க வேண்டிய நிலை வந்தால்தான் இதற்கு மாதக் கட்டணம் கட்டுவது நியாயம்.

வாங்கும்போது எல்லோரும் விலை கேட்கிறார்கள், நிமிடத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். நான் இரண்டு கேள்வி கேட்டேன். 04923 என்று தொடங்குவது போன்ற ஊர்க் குறியீட்டு எண்ணை எடுத்தால் அதைப் பொள்ளாச்சியில் வைத்துப் பேச விதி இடம் தருமா என்பது ஒன்று. ஊரோடு கட்டிய எண்களுக்கும் மொபைல் வரிசை எண்களுக்கும் விதி வேறு. நாளைக்கு உங்கள் சேவை பிடிக்காமல் நான் விலகினால் இந்த எண்ணை என்னோடு எடுத்துப்போகலாமா, அல்லது உங்களிடமே விட்டுவிட்டுப் போக வேண்டுமா என்பது இன்னொன்று. விற்க வந்த பையன், "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றான். பார்த்துக்கொள்ள வேண்டாம், எழுதிக் கொடு தம்பி என்றேன். அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு ஒரு வாரம் கழித்துக் கடிதத்தோடு வந்தான். அதை வாங்கிப் பேரேட்டில் வைத்துக்கொண்ட பிறகுதான் புதுப் பில் புத்தகத்துக்கு அச்சகத்தில் ஆர்டர் கொடுத்தேன்.